அம்மோனியம் மாலிப்டேட்: எடை போட்டு இட வேண்டிய உப்பு

பயறு வகைகளும் காலிஃபிளவரும் பயிரிடும் சிலருக்கு மட்டுமே தேவைப்படும் உப்பு இது. தேவைப்படும் இடத்தில் ஏக்கருக்கு எட்டு முதல் ஐம்பது கிராமிலேயே வேலை முடிந்துவிடும். தேவையில்லாத இடத்தில் போட்டாலும் பயிர் வாடாது, கருகாது, எந்த அறிகுறியும் காட்டாது. இந்த உப்பில் உள்ள ஆபத்தே அதுதான். யூரியா கூடினால் இலை கருகும். போரான் கூடினால் இலை விளிம்பு தீயும். மாலிப்டினமோ செடிக்குள் நூற்றுக்கணக்கான பிபிஎம் அளவுக்குச் சேர்ந்தாலும் செடி பச்சையாகவே நிற்கும். (பிபிஎம் என்பது ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம்.) அந்தக் கொடியையும் புல்லையும் தின்னும் மாடுதான் நோயில் விழும். ஆகவே 'பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பதை இந்த உப்பின் விஷயத்தில் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. இந்த அத்தியாயத்தின் படிகள் எல்லாம் இந்த ஒரே காரணத்தைச் சுற்றித்தான் அமைந்துள்ளன: பயிர் எச்சரிக்காது என்பதால் தராசும் மண் பரிசோதனையும் பதிவேடும் நம்மை எச்சரிக்க வேண்டும்.

உப்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

கடையில் இரண்டு உப்புகள் கிடைக்கும். அம்மோனியம் மாலிப்டேட் வெள்ளையாகவோ லேசான பச்சை, மஞ்சள் சாயலோடோ இருக்கும் படிகம். எடையில் சுமார் 54 சதவீதம் மாலிப்டினம். உரமாக விற்கப்படும் சரக்கில் 52 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. சோடியம் மாலிப்டேட்டும் வெள்ளைப் படிகமே. அதில் மாலிப்டினம் சுமார் 39 முதல் 40 சதவீதம். எனவே 100 கிராம் அம்மோனிய உப்பு செய்யும் வேலையைச் செய்ய 137 கிராம் சோடிய உப்பு வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் அளவுகள் எல்லாம் அம்மோனிய உப்புக்கானவை. இரண்டும் தண்ணீரில் எளிதில் கரையும். சோடிய உப்பைக் குளிரூட்டும் நீர்க் குழாய்களில் துருப்பிடிக்காமல் இருக்கவும் சேர்ப்பார்கள். ஆய்வகங்களில் நைட்ரிக் அமிலத்தோடு அம்மோனிய உப்பைச் சேர்த்துப் பாஸ்பேட்டைச் சோதிப்பார்கள். பாஸ்பேட் இருந்தால் மஞ்சள் வீழ்படிவு தெரியும். அமிலம் சேர்ந்தால் இந்த உப்பின் கரைசல் மாறிவிடும் என்பது மட்டும் நமக்குப் போதும்: தெளிப்புக் கரைசலில் அமிலம் எதையும் கலக்காதீர்கள்.

பயிருக்குள் இதன் வேலை இரண்டு. மண்ணிலிருந்து எடுத்த நைட்ரேட்டைச் செடி பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும் நொதிக்கு மாலிப்டினம் வேண்டும். பயறு வகைகளின் வேர்முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிப்பதும் மாலிப்டினம் உள்ள ஒரு நொதியால்தான். தக்காளிச் செடிக்கு மாலிப்டினம் இன்றியமையாதது என்று ஆர்னன், ஸ்டவுட் என்ற ஆய்வாளர்கள் 1939இல் நிறுவினார்கள். வயலில் அதன் பயனை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஆஸ்திரேலியாவின் ஏ. ஜே. ஆண்டர்சன். தென் ஆஸ்திரேலியாவின் இரும்புக்கல் மண்ணில் சரியாக வளராத குளோவர் தீவனப் பயிர், மிகச் சிறிய அளவு மாலிப்டினத்தில் தேறியதை 1942இல் அவர் வெளியிட்டார். இரும்புக்கல் மண் என்ற குறிப்பு முக்கியமானது. அமிலத்தன்மையும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் மிகுந்த மண், இருக்கிற மாலிப்டினத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். மண்ணின் பிஎச் உயர உயர அந்தப் பிடி தளரும்.

முதல் வேலை: உங்கள் நிலத்துக்கு இது வேண்டுமா?

மற்ற நுண்ணூட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். துத்தநாகமும் இரும்பும் களர் மண்ணில் குறையும், அமில மண்ணில் தாராளமாகக் கிடைக்கும். மாலிப்டினம் அதற்கு நேர் எதிர். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளின் அமில மண்ணிலும் செம்புறை மண்ணிலும் இது குறையக்கூடும். பிஎச் ஏழரைக்கு மேல் போகும் சமவெளிக் கரிசலிலோ களரிலோ பொதுவாகக் குறையாது. அங்கே போடுவது செலவு மட்டுமல்ல. போட்டதெல்லாம் செடிக்கு எளிதில் கிடைத்து, தீவனத்தில் போய்ச் சேரும். துத்தநாகத்துக்குப் பழகிய கணக்கை இதற்கும் பொருத்துவதே பலர் செய்யும் முதல் தவறு.

1. மண் மாதிரியைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து பிஎச் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். 5.5க்குக் கீழே இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். 5.5 முதல் 6.5 வரை இருந்தால் பயிரில் அறிகுறி தெரிந்தால் மட்டும். 6.5க்கு மேல் என்றால் இந்த அத்தியாயத்தை இத்தோடு மூடிவிடலாம்.
2. பயறு வகை என்றால், விதைத்த 30 நாளுக்குள் நாலைந்து செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்.
3. பெரிய முடிச்சு ஒன்றை நகத்தால் இரண்டாகக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது வேலை செய்கிறது. வெள்ளையாகவோ சாம்பலாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. முடிச்சுகள் நிறைய இருந்தும் எல்லாம் சிறுத்து வெளிறியிருந்தால் மாலிப்டினக் குறைவை நினைக்க வேண்டும்.
4. காலிஃபிளவர் என்றால் இளம் இலைகளைப் பாருங்கள். இலைப்பரப்பு சுருங்கி, ஒழுங்கற்றுக் கிழிந்து, கடைசியில் நடுநரம்பு மட்டும் சாட்டை போல நீண்டு நிற்கும். இதைத்தான் விப்டெயில் என்கிறார்கள்.

வெளிறிய முடிச்சைக் கண்டதும் மாலிப்டினம்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ரைசோபியம் சரியாக ஒட்டாதது, தண்ணீர் தேங்கியது, அடியுரமாகத் தழைச்சத்து அதிகம் இட்டது ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். அமில மண், வெளிறிய முடிச்சு, கீழ் இலை மஞ்சளாதல் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் ஐயம் வலுப்படும்.

சுண்ணாம்பா, மாலிப்டினமா?

'சுண்ணாம்பு போட்டாலே பிடிபட்ட மாலிப்டினம் வெளிவருமே, உப்பு எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிஎச் மிகக் குறைந்த மண்ணில் சுண்ணாம்பும் டோலமைட்டும்தான் முதல் மருந்து. அலுமினியத்தின் தீங்கைக் குறைப்பது, சுண்ணாம்புச் சத்து தருவது ஆகிய வேலைகளை மாலிப்டேட் செய்யாது. ஆனால் சுண்ணாம்பு மண்ணோடு வேலை செய்ய வாரங்கள் ஆகும். டன் கணக்கில் வாங்கி மலைக்கு ஏற்றும் செலவும் உண்டு. மண்ணிலேயே மாலிப்டினம் குறைவாக இருந்தால் சுண்ணாம்பு வெளியேற்றுவதற்கு அங்கே எதுவும் இராது. ஆகவே முறை இது: வாய்ப்பிருந்தால் முதலில் சுண்ணாம்பு, அடுத்த பருவத்தில் முடிச்சைப் பாருங்கள், அப்போதும் தேறவில்லை என்றால் உப்பு. சுண்ணாம்பையும் முழு அளவு மாலிப்டேட்டையும் ஒரே பருவத்தில் இடுவது இரண்டாவது பெரிய தவறு. ஒன்று பழைய இருப்பைத் திறந்துவிடுகிறது, மற்றது புதிதாகச் சேர்க்கிறது. இரண்டும் சேர்ந்து தீவனத்தில் எவ்வளவு ஏறும் என்று கணிக்க முடியாது.

விதைநேர்த்தி: உளுந்து, பாசிப்பயறுக்கு

பயறு வகைக்கு இதுவே சிறந்த வழி. கிலோ விதைக்கு ஒரு கிராம் உப்பு. ஏக்கருக்கு 8 கிலோ உளுந்துக்கு 8 கிராம்; அதில் மாலிப்டினம் 4.3 கிராம் மட்டுமே. அவ்வளவு சிறிய அளவு விதையோடு வேர் தொடங்கும் இடத்திலேயே சேர்கிறது.

1. ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசு வாங்கிக்கொள்ளுங்கள். தேக்கரண்டிக் கணக்கு இதற்கு உதவாது. தூளாகவும் படிகமாகவும் ஒரே கரண்டியில் எடை வேறுபடும்.
2. 8 கிராம் உப்பை 80 மில்லி சுத்தமான தண்ணீரில் பிளாஸ்டிக் கோப்பையில் கரையுங்கள். கலங்கல் இல்லாமல் தெளியும்வரை கலக்குங்கள்.
3. பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்ய வேண்டுமானால் அதை முந்தின நாளே முடித்திருங்கள்.
4. விதையைப் பிளாஸ்டிக் தாளில் பரப்பி, கரைசலைச் சிறிது சிறிதாகத் தெளித்து, கையுறையோடு புரட்டுங்கள். எல்லா விதையும் மினுமினுவென்று நனைந்தால் போதும். அடியில் தண்ணீர் தேங்கினால் தோல் சுருங்கும். நிலக்கடலையில் தோல் உரிந்தே போய்விடும்.
5. நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள்.
6. கடைசியாக, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் பூசி, மீண்டும் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள்.

ரைசோபியத்தையும் உப்பையும் ஒரே கரைசலில் ஊறவைப்பது வேலையை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். அடர்ந்த உப்புக் கரைசல் உயிருள்ள பாக்டீரியாவைக் கொல்லும். சோடிய உப்பில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம் என்பதாலேயே விதைநேர்த்திக்கு அம்மோனிய உப்பைச் சொல்கிறோம்.

குறிப்பு: நேர்த்தி செய்த விதை மிஞ்சினால் கோழிக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள், இட்லிக்கும் ஊறப்போடாதீர்கள். மண்ணில் புதைத்துவிடுங்கள்.

நிலக்கடலைக்கு இதே விகிதம் பொருந்தும். ஆனால் ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு தேவைப்படுவதால் உப்பு 50 கிராம் ஆகிவிடும். மாலிப்டினம் 27 கிராம். அடுத்து வரும் இலைத்தெளிப்பிலும் அதே 27 கிராம்தான். எனவே நிலக்கடலையில் விதைநேர்த்தி செய்தவர்கள் தெளிப்பைத் தொடவே வேண்டாம்.

இலைத்தெளிப்பு: விதைநேர்த்தி தவறியவர்களுக்கும் காலிஃபிளவருக்கும்

1. லிட்டருக்கு அரை கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 5 கிராம். ஒரு டேங்குக்கு ஒன்று என்ற கணக்கில் வீட்டிலேயே எடை போட்டு, சிறு பொட்டலங்களாகக் கட்டி வயலுக்கு எடுத்துச் செல்லுங்கள். வயலில் காற்றில் எடை போட்டால் தராசு ஆடும்.
2. இளம் பயிருக்கு ஏக்கருக்கு 10 டேங்க் போதும். பயிர் அடர்ந்து கூடுதல் தண்ணீர் தேவைப்பட்டாலும் உப்பின் மொத்த அளவு ஏக்கருக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது. தண்ணீரைக் கூட்டிக் கரைசலை நீர்க்கச் செய்துகொள்ளுங்கள்.
3. பயறு வகையில் பூப்பதற்கு முன், 25 முதல் 30 நாளுக்குள். காலிஃபிளவரில் நட்ட இரண்டு, மூன்று வாரத்தில். பூ கட்டத் தொடங்கிய பிறகு பயன் இல்லை.
4. காலிஃபிளவர் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு. ஒட்டும் திரவம் சேர்க்காவிட்டால் கரைசல் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும்.
5. காலையிலோ மாலையிலோ காற்று ஓய்ந்த நேரத்தில் தெளியுங்கள். போர்டோக் கலவை, தாமிர மருந்து, சுண்ணாம்புத் தண்ணீர் எதனோடும் கலக்காமல் தனியாகத் தெளியுங்கள்.
6. வயலின் ஒரு ஓரத்தில் நாலு வரிசையைத் தெளிக்காமல் விட்டு, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். உப்பு வேலை செய்ததா என்பதற்கு அந்த வரிசைகளே சாட்சி.

'கொஞ்சம் கூடினால் என்ன?'

இந்த எதிர்வாதத்துக்குப் பதில் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் கிடைத்தது. அங்கே சில மேய்ச்சல் நிலங்களில் மேய்ந்த கறவை மாடுகள் தலைமுறை தலைமுறையாகக் கழிச்சலில் நலிந்து வந்தன. புல்லைப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை, செழிப்பாகவே இருந்தது. அந்தப் புல்லில் இயற்கையாகவே மிகுந்திருந்த மாலிப்டினம்தான் காரணம் என்று ஃபெர்குசன், லூயிஸ், வாட்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1938இல் கண்டறிந்தனர். உலர் எடையில் 20 முதல் 100 பிபிஎம் வரை அதில் இருந்தது. தாமிர சல்பேட் கொடுத்ததும் மாடுகள் தேறின. காரணம் இதுதான்: அசைபோடும் மாட்டின் முதல் வயிற்றில் கந்தகமும் மாலிப்டினமும் சேர்ந்து உருவாகும் சேர்மம் தாமிரத்தைக் கவ்விக்கொள்கிறது. தாமிரம் உடலுக்குக் கிடைக்காமல் போகிறது. மாடு மாலிப்டின நஞ்சால் படும் துன்பம் பெரும்பாலும் தாமிரப் பற்றாக்குறையின் துன்பமே. அசைபோடாத குதிரைக்கு அதே புல் அவ்வளவாகக் கேடு செய்யாததற்கும் இதுவே விளக்கம்.

பொதுவாகத் தீவனத்தில் 10 பிபிஎம் தாண்டினால் மாட்டுக்கு ஆபத்து. தாமிரம் குறைந்த தீவனம் என்றால் அதற்குக் கீழேயே தொல்லை தொடங்கும். தாமிரம் மாலிப்டினத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. இப்போது நம் வயல் கணக்கைப் பாருங்கள். ஒரு டன் உலர்ந்த கடலைக் கொடியில் 10 கிராம் மாலிப்டினம் தங்கினாலே அது 10 பிபிஎம். நாம் ஏக்கருக்குத் தெளிப்பதோ 27 கிராம். அதில் நாற்பது சதவீதம் அந்த ஒரு டன் கொடியில் ஒட்டிக்கொண்டால் எல்லையைத் தொட்டாயிற்று. பயிருக்குச் சரியான அளவே இவ்வளவு நெருக்கத்தில் நிற்கிறது என்றால், 'கொஞ்சம் கூட' என்பதற்கு எங்கே இடம்?

'வருடா வருடம் போட்டால்தானே வருடா வருடம் விளையும்?' என்பது அடுத்த வாதம். தழைச்சத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம் இதற்குப் பொருந்தாது. பயிர் எடுத்துச் செல்லும் மாலிப்டினம் மிகச் சொற்பம். மீதி மண்ணில் தங்கும். ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில் ஹெக்டேருக்குச் சுமார் 50 கிராம் மாலிப்டினத்தைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இடுகிறார்கள். ஒருமுறை தெளித்த நிலத்தில் அடுத்த சில பருவங்களுக்கு முடிச்சை மட்டும் பார்த்து வந்தால் போதும். வாங்கும் நுண்ணூட்டக் கலவையில் ஏற்கெனவே மாலிப்டினம் இருக்கலாம். பை மேல் அச்சிட்டிருக்கும் சதவீதத்தைப் படித்து, அதையும் கணக்கில் சேருங்கள்.

மாட்டைக் காக்க

1. தெளித்த வயலின் பச்சைக் கொடியையும் வரப்புப் புல்லையும் அந்தப் பருவத்தில் தனித் தீவனமாகக் கொடுக்க வேண்டாம். காய்ந்த கொடியை வைக்கோல், சோளத்தட்டையோடு கலந்து சிறிதளவே கொடுங்கள்.
2. தீராத கழிச்சல், பால் குறைவு, கருப்பு மாட்டின் உரோமம் செம்பட்டையாவது, கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம் ஆகியவற்றைக் கண்டால் அந்தத் தீவனத்தை உடனே நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரிடம் மாலிப்டேட் தெளித்த செய்தியைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் குடற்புழு என்றே எண்ணக்கூடும்.
3. தாமிர சல்பேட்டை நீங்களே கரைத்து ஊற்றாதீர்கள். அளவு கூடினால் அதுவும் நஞ்சு. செம்மறி ஆடு சிறிதளவு கூடினாலே இறந்துவிடக்கூடும்.

உங்களைக் காக்க

மனிதருக்கும் மாலிப்டினம் தேவைதான். அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 45 மைக்ரோகிராம். மேல்வரம்பு அங்கே 2 மில்லிகிராம். ஐரோப்பியர்கள் இன்னும் இறுக்கி 0.6 மில்லிகிராம் என்கிறார்கள். ஒரு டேங்குக்கு எடுக்கும் 5 கிராம் உப்பில் சுமார் 2,700 மில்லிகிராம் மாலிப்டினம் உண்டு. ஆர்மீனியாவில் மாலிப்டினம் மிகுந்த மண் உள்ள ஊர்களில், நாளொன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை உணவில் பெற்றவர்களிடம் இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டுவலி கண்டதாக 1961இல் ஆய்வு வெளியானது. மாலிப்டினம் உள்ள நொதி ஒன்றே யூரிக் அமிலத்தை உண்டாக்குவதால் அந்தத் தொடர்பு வியப்பானதல்ல. ஒருமுறை கையில் பட்டதால் நோய் வராது. நீங்கள் கவலைப்பட வேண்டியவை மூன்று: தூள் மூக்கிலும் கண்ணிலும் போவது, தவறுதலாக வாய்க்குள் போவது, தண்ணீரில் கலப்பது.

1. எடை போடும்போது கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.
2. உப்பு, சர்க்கரை வைக்கும் டப்பாவில் இதைப் போடாதீர்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். பெயரும் தேதியும் ஒட்டி, பூட்டிய பெட்டியில், நெருப்புக்கும் ஈரத்துக்கும் எட்டாமல் வையுங்கள். சூடானால் அம்மோனியா வாயு வெளியேறும்.
3. கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், உறையோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.
4. டேங்கைக் கிணற்றோரமோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.07 மில்லிகிராமுக்கு மேல் மாலிப்டினம் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு ஏக்கருக்கான உப்பு அப்படியே கிணற்றில் விழுந்தால் சுமார் 3.9 லட்சம் லிட்டர் தண்ணீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும். கழுவிய நீரைத் தெளித்த வயலிலேயே ஊற்றுங்கள்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை

மண்ணின் பிஎச், தேதி, பயிர், எந்த உப்பு, எத்தனை கிராம், விதையிலா இலையிலா, கலவை உரத்தில் வந்தது எவ்வளவு, தெளிக்காமல் விட்ட வரிசைகளின் இடம், 15 நாள் கழித்து இரு பக்கமும் முடிச்சின் நிறம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் அந்தப் பக்கத்தை அடுத்தவரிடம் காட்டுங்கள். அவர் தெரியாமல் மீண்டும் தெளித்தாலும் பயிர் அவரிடம் எதுவும் சொல்லாது. தெளித்த வரிசைக்கும் தெளிக்காத வரிசைக்கும் நிறத்திலோ விளைச்சலிலோ வேறுபாடு தெரியவில்லை என்றால், உங்கள் மண்ணில் மாலிப்டினம் போதுமானதாக இருக்கிறது, அல்லது குறை வேறெதிலோ இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் இந்த உப்பை அடுத்த ஆண்டு வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் தரமான ரைசோபியம் பொட்டலத்தை வாங்குங்கள்.